வெளிநாட்டில் கார் ஓட்டும்போது வண்டியை எங்கே நிறுத்தலாம்? டெல்டாவிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் கோடை தொடங்கும்போது ஒரே வகையான கோரிக்கை வரும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகளோடு இரண்டு மாதம் தங்கப் போகும் விவசாயிகள் எனப் பலரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு விண்ணப்பிக்க உதவி கேட்டு வருவார்கள். வலப்பக்கம் ஓட்டுவது எப்படி, நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகம் போகலாம் என்றெல்லாம் கேட்பார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் திரும்பி வந்து அவர்கள் வருத்தத்தோடு சொல்வது பெரும்பாலும் பார்க்கிங் அபராதத்தைப் பற்றித்தான். அந்த உரையாடல்களில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

முப்பது ஆண்டுகளாகத் தஞ்சாவூர், மன்னார்குடி என்று நெரிசலில் ஓட்டியவனுக்கு வெளிநாட்டில் வண்டி நிறுத்துவது அப்படி என்ன கடினம்?

வண்டியை இடுக்கில் நுழைப்பதில் உங்களுக்குக் கடினமே இருக்காது. நிறுத்தலாமா என்று முடிவு செய்யும் முறைதான் வேறு. மகாமகக் குளத்தெருவில் ஒரு கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டும்போது நாம் பலகையைத் தேடுவதில்லை, ஆளைத் தேடுகிறோம். “அண்ணே, பத்து நிமிஷம், இதோ வந்துடறேன்” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டால் அவரே அந்த வண்டிக்குக் காவல். இடைஞ்சலாக இருந்தால் குரல் கொடுப்பார், நாமும் ஓடிவந்து எடுத்துவிடுவோம். அங்கே நீங்கள் போய் நிற்கும் தெருவில் கேட்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். அப்படியே ஒருவர் “நிறுத்திக்கொள்ளுங்கள்” என்று சொன்னாலும் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. பலகையும் தரையில் போட்ட கோடும் நேரமும்தான் அங்கே அதிகாரம். கீழே வரும் பதில்கள் அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறந்தவைதான்.

நான் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன், இன்ஜினும் ஓடுகிறது. அதையும் பார்க்கிங் என்பார்களா?

பல இடங்களில் என்பார்கள். ஜெர்மனியின் சாலை விதிப்படி, 3 நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, ஓட்டுநர் வண்டியை விட்டு அகன்றாலோ அது பார்க்கிங் ஆகிவிடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ‘நோ பார்க்கிங்’ என்ற இடத்தில் ஆளையோ பொருளையோ ஏற்றி இறக்க 2 நிமிடம் நிற்கலாம், ஆனால் ஓட்டுநர் வண்டியிலிருந்து 3 மீட்டருக்கு அப்பால் போகக் கூடாது. ‘நோ ஸ்டாப்பிங்’ என்றிருந்தால் அந்த 2 நிமிடமும் கிடையாது.

இந்த வேறுபாடு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றுதான். எல்.எல்.ஆர். தேர்வுக்குப் படித்த குறியீடுகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சிவப்பு விளிம்புள்ள நீல வட்டத்தில் ஒரே ஒரு சாய்கோடு இருந்தால் நிறுத்திவைக்கக் கூடாது என்று பொருள், இரண்டு கோடுகள் குறுக்காக வெட்டிக்கொண்டால் நிற்கவே கூடாது. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் இந்த இரண்டு பலகைகளும் இதே பொருளில்தான் நிற்கின்றன. நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகவே பாவித்துப் பழகிவிட்டோம், அங்கே அவை இரண்டு வேறு குற்றங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான்கு இண்டிகேட்டரையும் ஒளிரவிட்டு நிற்பதை நம்மவர்கள் ஓர் அனுமதிச் சீட்டைப் போல நம்புகிறார்கள். எந்த நாட்டிலும் அந்த விளக்கு தடையை நீக்காது.

இங்கிலாந்தில் சாலையோரம் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். பலகை எதுவும் இல்லையென்றால் நிறுத்தலாமா?

இரட்டை மஞ்சள் கோடு என்றால் எந்நேரமும் தடை. அதற்கு அருகில் பலகை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒற்றை மஞ்சள் கோடு என்றால் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் தடை, அந்த நேரம் பொதுவாகப் பக்கத்துக் கம்பத்தில் ஒரு சிறிய தகட்டில் எழுதியிருக்கும்.

‘பொதுவாக’ என்ற சொல்லில்தான் நான் மாட்டினேன். மகள் குடியிருந்த ஊரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போனபோது, கடைத்தெருவுக்கு அடுத்த தெருவில் ஒற்றை மஞ்சள் கோட்டின் மேல் வண்டியை நிறுத்தினேன். தகட்டைத் தேடி அந்தத் தெருவின் இரு முனைக்கும் நடந்தேன். ஒரு கம்பத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதனால் தடையில்லை என்று முடிவுகட்டிக் கடைக்குப் போனேன். இருபது நிமிடம் கழித்துத் திரும்பியபோது முன்கண்ணாடியில் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது, உறையின் மேல் நீர்த்துளிகள், உள்ளே மடித்த தாள், அதில் 70 பவுண்டு என்று அச்சிட்டிருந்தது.

மாலையில் மருமகன் என்னை மூன்று தெரு பின்னோக்கி நடத்தி அழைத்துப் போனார். கடைத்தெருப் பகுதி தொடங்கும் முனையில் ஒரு பெரிய பலகை இருந்தது. அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லா ஒற்றை மஞ்சள் கோடுகளுக்கும் தடை நேரம் இது என்று அதில் எழுதியிருந்தது. கட்டுப்படுத்தப்பட்ட நிறுத்தப் பகுதி என்று அதற்குப் பெயர். நுழைவாயில் பலகையில் நேரத்தைச் சொல்லிவிட்டால் அதே நேரம் பொருந்தும் கோடுகளுக்குத் தெருத்தெருவாகத் தகடு வைக்கத் தேவையில்லை. நான் காரில் அந்தப் பலகையைக் கடந்துதான் வந்திருந்தேன், வேகத் தடைப் பலகை என்று நினைத்து விட்டுவிட்டேன். ஆகவே தகடு இல்லாத ஒற்றைக் கோட்டைக் கண்டால் ‘தடையில்லை’ என்று கொள்ளாமல், ‘பலகை எனக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது’ என்று கொள்ளுங்கள்.

இவை தவிர, பாதசாரிகள் கடக்கும் இடத்தின் இருபுறமும் வெள்ளை வளைகோடுகள் இருக்கும், அங்கே நிற்கவே கூடாது. லண்டனின் முக்கியச் சாலைகளில் சிவப்புக் கோடுகளும் உண்டு. இரட்டைச் சிவப்பு என்றால் ஒருவரை இறக்கிவிடக்கூட நிற்க முடியாது. லண்டனில் நடைபாதை மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி நிறுத்துவதும் அபராதத்துக்குரியது.

அமெரிக்காவில் ஒரே கம்பத்தில் நான்கைந்து பலகைகள் தொங்குகின்றனவே, எதைப் பின்பற்றுவது?

எல்லாவற்றையும். அவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, ஒவ்வொன்றும் தனித் தடை. என் மாணவர்களுக்கு நான் கற்றுத்தரும் முறை இது: மேலிருந்து கீழாக ஒவ்வொரு பலகையாகப் படியுங்கள், ‘இப்போதிலிருந்து நான் திரும்பி வரும் வரைக்கும் இது என்னைத் தடுக்கிறதா’ என்று ஒவ்வொன்றிடமும் கேளுங்கள். ‘காலை 9 முதல் மாலை 6 வரை 2 மணி நேரம்’ என்று ஒரு பலகையும், ‘செவ்வாய் காலை 8 முதல் 10 வரை தெரு சுத்தம் செய்யும் நேரம்’ என்று இன்னொன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திங்கள் இரவு 7 மணிக்கு வண்டியை விடுபவருக்கு இரண்டும் அப்போது பொருந்தாது. நிம்மதியாகத் தூங்கப் போவார். மறுநாள் காலை 8 மணிக்குத் துப்புரவு வண்டி வரும்போது அவருடைய கார் அங்கே இருந்தால் அபராதம். நிறுத்தும் நேரத்தை மட்டும் பார்ப்பதால் நிகழும் பிழை இது.

நியூயார்க் நகரில் இந்தத் துப்புரவுக்காகத் தெருவின் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று நாள் பிரித்துக் காலிசெய்ய வேண்டும். சில பண்டிகை நாட்களில் அந்தக் கட்டாயத்துக்கு விலக்கு உண்டு. நம் தீபாவளியும் அந்தப் பட்டியலில் இருப்பது பலருக்குத் தெரியாது.

கலிபோர்னியாவில் நடைபாதை விளிம்புக்கு வண்ணம் அடித்திருப்பார்கள். சிவப்பு என்றால் நிற்கக் கூடாது, மஞ்சள் சரக்கு ஏற்றி இறக்க, வெள்ளை ஆள் ஏற்றி இறக்கும் சிறிது நேரத்துக்கு, பச்சை குறுகிய நேரம் நிறுத்த, நீலம் மாற்றுத்திறனாளி அட்டை உள்ளவர்களுக்கு. ஆனால் வண்ணத்தை மட்டும் நம்பக் கூடாது. தீயணைப்புக் குழாய் ஒன்று நடைபாதையில் இடுப்புயரத்துக்குக் குட்டையாக நிற்கும். கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் அதற்கு 15 அடிக்குள், அதாவது சுமார் நாலரை மீட்டருக்குள், நிறுத்தக் கூடாது. நியூயார்க்கில் அதற்கென்று பலகையோ வண்ணமோ இருக்க வேண்டியதில்லை, குழாய்தான் பலகை. நெரிசலான தெருவில் ஓர் இடம் மட்டும் அழகாகக் காலியாக இருந்தால், இறங்கிச் சுற்றிலும் பாருங்கள்.

மேட்டுச் சாலையில் சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும் என்கிறார்களே?

நம் வட்டாரத்தில் மேடு என்றால் ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். கல்லணையிலிருந்து கடல் வரை சமதரை. அதனால் ஹேண்ட் பிரேக்கைக்கூட முழுமையாக இழுக்காமல் இறங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊரில் அது ஆபத்து. அங்கே சரிவு 3 சதவீதத்தைத் தாண்டினால் முன்சக்கரத்தைத் திருப்பி வைப்பது கட்டாயம், செய்யாவிட்டால் வண்டி அசையாமல் நின்றாலும் அபராதம்தான்.

முறை எளிது. இறக்கத்தைப் பார்த்து நின்றால் சக்கரத்தை நடைபாதை விளிம்பை நோக்கித் திருப்புங்கள். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் விளிம்புக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டு, டயரின் பின்பகுதி விளிம்பில் மெல்ல முட்டும் வரை வண்டியைப் பின்னால் சாயவிடுங்கள். பிரேக் தோற்றாலும் விளிம்பு வண்டியைத் தாங்கிக்கொள்ளும் என்பதே இதன் காரணம். விளிம்பே இல்லாத சாலையானால் ஏற்றம், இறக்கம் இரண்டு நிலையிலும் சாலையை விட்டு ஓரத்தை நோக்கித் திருப்ப வேண்டும்.

எதிர்ப்பக்கம் இடம் காலியாக இருக்கிறது. அப்படியே குறுக்கே போய் நிறுத்தலாமா?

நம் ஊரில் எந்தப் பக்கம் இடம் இருக்கிறதோ அந்தப் பக்கம் முகம் பார்த்து நிறுத்துகிறோம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் போக்குவரத்து போகும் திசையைப் பார்த்துத்தான் வண்டி நிற்க வேண்டும். இங்கிலாந்தில் பகலில் பொறுத்துக்கொள்வார்கள், இரவில் குறிக்கப்பட்ட கட்டத்துக்கு வெளியே எதிர்த்திசை பார்த்து நிறுத்தக் கூடாது. வண்டியின் பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பான்கள்தான் இருட்டில் வருபவருக்கு அங்கே ஒரு வண்டி இருப்பதைக் காட்டுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஆஸ்திரேலியாவில் ‘2பி’ என்று எழுதியிருப்பது என்ன?

2 மணி நேரம் நிறுத்தலாம் என்று பொருள். ‘1/4பி’ என்றால் கால் மணி நேரம். அந்தப் பலகைக்குக் கீழே எழுதியுள்ள கிழமை, நேரத்துக்கு மட்டும் அந்த வரம்பு. அங்கே இன்னொரு விதியும் உண்டு: வண்டியில் யாரும் இல்லாமல் விட்டுப் போகும்போது கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்ட வேண்டும், 2 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டால் தவறு.

சிங்கப்பூர் நம் ஊர் போலத்தான் என்கிறார்களே?

இடப்பக்கம் ஓட்டுவது மட்டும்தான் நம் ஊர் போல. அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகங்களில் நிறுத்துமிடக் கட்டங்கள் இரண்டு நிறத்தில் இருக்கும். வெள்ளைக் கட்டம் பொதுவானது, சிவப்புக் கட்டம் மாதக் கட்டணம் கட்டிய குடியிருப்பாளர்களுக்கானது. அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர்கள், மாடிப்படிக்கு அருகில் இருக்கிறதே என்று சிவப்புக் கட்டத்தில் விட்டுவிட்டுப் போவது வழக்கமான தவறு. தெருவோரத்தில் ஒற்றை நேர் மஞ்சள் கோடு என்றால் காலை 7 முதல் இரவு 7 வரை தடை, ஞாயிறும் பொது விடுமுறையும் விலக்கு. இரட்டை நேர்கோடு என்றால் எப்போதும் தடை. கோடு வளைந்து வளைந்து இரட்டையாக இருந்தால் நிற்கவும் கூடாது. கட்டணத்தைக் காகிதக் கூப்பனிலோ, 2017 முதல் உள்ள ‘பார்க்கிங்.எஸ்ஜி’ செயலியிலோ செலுத்தலாம்.

கூத்தாநல்லூர்க்காரர்கள் நாங்கள். துபாயில் இருக்கும் தம்பி வெள்ளிக்கிழமை பார்க்கிங் இலவசம் என்கிறான், சரியா?

முன்பு சரி. 2022 முதல் வார விடுமுறை மாறியபோது துபாயில் இலவச நாளும் ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது. பத்துப் பதினைந்து ஆண்டு அங்கே இருந்து திரும்பியவர்களின் பழைய நினைவை நம்பி வெள்ளிக்கிழமை பணம் கட்டாமல் விடாதீர்கள். அபுதாபியிலும் ஞாயிறுதான். ஆனால் துபாயை ஒட்டியே உள்ள ஷார்ஜாவில் இன்னமும் வெள்ளிதான், அதிலும் நீலப் பலகை வைத்த இடங்களில் வாரம் ஏழு நாளும் கட்டணம் உண்டு. அரை மணி நேரப் பயணத்தில் விதி மாறிவிடுகிறது. அபுதாபியில் விளிம்பு வண்ணத்தைப் பாருங்கள். நீலப்பச்சையும் கறுப்பும் மாறிமாறி வந்தால் சாதாரணக் கட்டணம், நீலப்பச்சையும் வெள்ளையும் என்றால் கூடுதல் கட்டணம். துபாயில் 7275 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் கட்டும் முறை எல்லோரும் பயன்படுத்துவது. விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் வாங்கிக்கொள்வது நல்லது.

ஜெர்மனியில் வாடகை காருக்குள் நீல நிற அட்டை ஒன்று கடிகாரம் போல இருந்தது. அது எதற்கு?

அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பணம் கட்டாமல் நிறுத்த உதவுவது அதுதான். சில இடங்களில் ‘2 மணி நேரம், அட்டையுடன்’ என்று பலகை சொல்லும். நீங்கள் வந்து சேர்ந்த நேரத்துக்கு அடுத்து வரும் அரைமணிக்கு அட்டையின் முள்ளைத் திருப்பி, வெளியே தெரியும்படி முன்கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். 10.10-க்கு வந்தால் 10.30 என்று வைக்கலாம், 12.30 வரை உங்களுக்கு நேரம். நடுவில் ஓடிவந்து முள்ளை நகர்த்துவது விதிமீறல்.

இத்தாலியில் கோட்டின் நிறம் சொல்லும்: வெள்ளை இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் ஒதுக்கப்பட்டவர்களுக்கு. அங்கே பழைய நகரங்களின் மையப் பகுதிக்குள் வெளியார் வண்டிகள் நுழையவே தடை உண்டு. கேமரா எண்ணைப் படம்பிடித்துவிடும். விடுதி அந்தப் பகுதிக்குள் இருந்தால், வண்டி எண்ணைப் பதிவுசெய்து தருவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மகன் வீட்டு வாசலில் நிறுத்துவதற்கும் விதியா?

ஆம். நம் தெருவில் வீட்டு வாசல் நம்முடையது என்ற உரிமை இருக்கிறது. வாசலடைத்துப் பந்தல் போட்டாலும் அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்கிறார்கள். அங்கே வாசலுக்கு எதிரே உள்ள சாலை நகராட்சியுடையது. குடியிருப்போர் அனுமதி உள்ள தெருவாக இருந்தால் விருந்தினர் வண்டிக்கு மகன் தனிச் சீட்டோ இணையப் பதிவோ வாங்கித் தர வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முன்பே சொல்லிவைத்தால் அவருக்கும் எளிது. பக்கத்து வீட்டுக் கார் வெளியேறும் வழியை, அதாவது நடைபாதை தாழ்ந்து சாலையோடு இணையும் இடத்தை, ஒரு முழம்கூட மறைக்காதீர்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி. சக்கர நாற்காலிப் படம் போட்ட இடத்தில் நிறுத்தலாமா?

அந்த நாட்டில் செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் கூடாது. வாசலில் அம்மாவை இறக்கி ஒருவரைத் துணைக்கு விட்டுவிட்டு, நீங்கள் வேறிடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். அந்த இடம் காலியாகவே கிடந்தாலும் அது யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கிறது.

இயந்திரத்தில் பணம் கட்டினேன், ஆனாலும் அபராதம் வந்தது. ஏன்?

பெரும்பாலும் வண்டி எண்ணைத் தவறாகப் பதிந்திருப்பீர்கள். வாடகை வண்டியின் எண் நமக்கு மனப்பாடம் இருக்காது. ‘ஓ’ என்ற எழுத்தும் பூஜ்யமும் குழப்பும். சாவியை வாங்கியவுடன் எண் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிய ரசீதையும் பலகையையும் வண்டி நின்ற நிலையையும் சேர்த்துப் படம் எடுத்தால், பிறகு முறையிடுவதற்கு அதுவே சான்று.

அபராதத்தைக் கட்டாமல் ஊருக்கு வந்துவிட்டால்?

உங்களைத் தேடி வரும். அபராதம் முதலில் வண்டி உரிமையாளரான வாடகை நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் உங்கள் பெயரையும் முகவரியையும் அதிகாரிகளுக்குக் கொடுப்பார்கள் அல்லது உங்கள் கிரெடிட் கார்டிலிருந்தே எடுப்பார்கள். இரண்டிலும் தங்களுடைய சேவைக் கட்டணத்தைத் தனியாகச் சேர்ப்பது வழக்கம், வாடகை ஒப்பந்தத்திலேயே அது எழுதியிருக்கும்.

இங்கிலாந்தில் நகராட்சி தரும் அபராதத்தை 14 நாளுக்குள் கட்டினால் பாதிதான். நான் 70-க்குப் பதில் 35 பவுண்டு கட்டினேன். முறையிட நியாயம் இருந்தால் அந்த 14 நாளுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். அங்கே கடை வளாகங்களில் தனியார் நிறுவனங்கள் ஒட்டும் தாளும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், ஆனால் அது அரசு அபராதம் அல்ல, ஒப்பந்த மீறலுக்கான கட்டணக் கோரிக்கை. யார் அனுப்பியது என்று முதல் வரியிலேயே பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப முறையிடும் வழியைத் தேட வேண்டும். இங்கிலாந்தில் நகராட்சி நிறுத்துமிடக் கட்டங்களில் பணம் கட்டிய நேரம் முடிந்த பிறகு 10 நிமிடச் சலுகை உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் கோட்டுக்கு அது பொருந்தாது.

எந்த உரிமம் கையில் இருக்க வேண்டும்?

நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் சர்வதேச அனுமதி அதிகபட்சம் ஓராண்டு செல்லும், அதற்குள் உங்கள் உரிமம் காலாவதியானால் அதுவும் செல்லாது. அது தனியாகச் செல்லாது என்பதால் அசல் உரிமத்தையும் உடன் வைத்திருங்கள். இங்கிலாந்தில் சுற்றுலா செல்வோர் இந்திய உரிமத்தைக் கொண்டே 12 மாதம் ஓட்டலாம்.

கோயில் திருவிழா நாளில் இடமே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

வெளிநாட்டுத் தமிழ்க் கோயில்கள் பல குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவே இருக்கின்றன. தைப்பூசம், ஆடிப்பூரம் போன்ற நாட்களில் அக்கம்பக்கத்தார் வீட்டு வழியை நம்மவர்கள் அடைத்துவிட்டால், முறையீடு வருவது வண்டிக்காரர்மேல் மட்டுமல்ல, கோயில்மேலும்தான். பல கோயில்களில் திருவிழா அறிவிப்போடு எங்கே நிறுத்தலாம், எந்தப் பேருந்தில் வரலாம் என்று எழுதியிருப்பார்கள். நம் ஊரில் தேர் வரும் வீதியில் காலையிலேயே வண்டியை எடுத்துவிடுகிறோம் அல்லவா, அதே கவனத்தோடு அந்த அறிவிப்பை முந்திய நாள் இரவே படித்துவிட்டு, காரை வீட்டிலேயே விட்டுப் போக முடியுமா என்று பாருங்கள்.